மஸ்கட்டின் ஏடுகள் எங்கே இருக்கின்றன?
வளைகுடாவின் அரிய நூல்களும் சுவடிகளும்: ஓர் ஆய்வு

மஸ்கட்டின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றை எழுத விரும்புகிறவர் மஸ்கட்டிலேயே உட்கார்ந்து அதை எழுதி முடிக்க முடியாது. 1507இல் இந்த ஊரை எரித்த போர்த்துக்கீசியரின் கடிதங்கள் லிஸ்பனில் இருக்கின்றன. அவர்கள் நடத்திய கோட்டையின் வரைபடம் போர்த்துகலின் எவோரா நகர நூலகத்தில் இருக்கிறது. கோட்டைக்கு ஆளும் வெடிமருந்தும் அனுப்பியவர்களின் கடிதத் தொகுதிகள் கோவாவில். பிற்காலத்து ஆங்கிலேய ஏஜென்ட்டின் கோப்புகள் லண்டனில், பம்பாய் அரசின் பதிவுகள் மும்பையில். ஓமனியர் ஒருவர் அரபியில் எழுதிய நாட்டு வரலாற்றின் கையெழுத்துப் பிரதியோ கேம்பிரிட்ஜில்.

இப்படிச் சிதறிய ஏடுகளைத் தேடித் திரட்டும் வேலை வளைகுடா நாடுகளில் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக மும்முரமாக நடந்து வருகிறது. ஷார்ஜாவின் ஆட்சியாளர் முதல் கத்தாரின் தேசிய நூலகம் வரை பலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். எந்தெந்த நூல்களும் சுவடிகளும் இந்தக் கடற்கரையின் வரலாற்றைச் சொல்கின்றன, அவை ஏன் வெளியே போயின, அவற்றைத் திரும்பக் கொண்டுவர எடுத்த வழிகளில் எது பலன் தந்தது, ரூவியில் வேலை செய்யும் ஒரு சாதாரணத் தமிழ் வாசகர் இதில் என்ன செய்ய முடியும் என்ற கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

ரூவியிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மத்ரா துறைமுகத்துக்குப் பின்னால், மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு ரூவி. கடை, வங்கி, பேருந்து நிலையம் என்று இன்று நாம் அறிந்த இந்த ஊரில் பைத் அல் ஃபலஜ் என்ற பழைய கோட்டை நிற்கிறது. இப்போது அது படைத்துறை அருங்காட்சியகம். 1915 ஜனவரியில் உள்நாட்டு இமாமின் படை மஸ்கட்டை நோக்கி வந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கில் அதைத் தடுத்து நின்றவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்கள். அந்தச் சண்டைக்கு முன்னும் பின்னும் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் இந்திய அரசின் அலுவலகங்கள் வழியாகவே போயிற்று. இந்தியாவை விட்டுவிட்டு ரூவியின் வரலாற்றைக்கூட எழுத முடியாது.

போர்த்துக்கீசியர் எழுதியவை

இக்கடற்கரை பற்றிய பழைய பயண நூல்களில் தமிழர்க்கு ஒரு தனி ஆர்வம் இருக்க நியாயம் உண்டு. மார்க்கோ போலோவின் நூலில் ஓமனின் கல்ஹாத் துறைமுகமும் வருகிறது, பாண்டிய நாட்டின் காயலும் வருகிறது. ஹோர்முஸ், தோஃபார் போன்ற இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகளைத் தமிழகத்து அரசர்கள் வாங்கியதையும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் அவை மடிந்ததையும் அவர் சொல்கிறார். இரு நூற்றாண்டுகள் கழித்து, 1516 வாக்கில், துவார்த்தே பர்போசா எழுதிய நூலிலும் மஸ்கட்டும் காயலும் ஒரே கடல்வழியின் நிறுத்தங்களாக வருகின்றன. வளைகுடா வரலாற்று நூல் என்று நாம் ஒதுக்கிவைப்பது பல நேரங்களில் நம் கரையின் வரலாறாகவும் இருக்கிறது.

அஃபோன்சோ டி அல்புகெர்க் 1507இல் மஸ்கட்டைத் தாக்கினார். அந்தப் படையெடுப்பை விவரிக்கும் நூலை அவர் மகன் தந்தையின் கடிதங்களைக் கொண்டு தொகுத்து 1557இல் லிஸ்பனில் அச்சிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஹக்லூயித் சங்கம் 1875 முதல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. 1846இல் லண்டனில் தொடங்கப்பட்ட இச்சங்கம் பழைய கடற்பயண நூல்களை அச்சிடுவதையே தொழிலாகக் கொண்டது. அல்புகெர்க்கிடம் எழுத்தராக இருந்த காஸ்பர் கொரெய்யா எழுதிய பெரும் வரலாறு கையெழுத்துப் பிரதியாகவே முந்நூறு ஆண்டுகள் கிடந்து, 1858இல்தான் அச்சேறத் தொடங்கியது.

இவை எல்லாம் தப்பிப் பிழைத்தவை. 1755 நவம்பரில் லிஸ்பனை உலுக்கிய நிலநடுக்கத்தில் இந்திய வணிகத்தை நிர்வகித்த அலுவலகத்தின் ஆவணங்கள் அழிந்தன. அதனாலேயே கோவாவில் தங்கிய ஏடுகளுக்கு இவ்வளவு மதிப்பு. கோவாவின் ஆவணக் காப்பகம் 1595இல் வரலாற்றாசிரியர் தியோகோ டோ கோத்தோவின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. பருவக்காற்றோடு வந்து போன கப்பல்களில் மன்னரும் ராஜப்பிரதிநிதியும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அங்கே தொகுதி தொகுதியாக இருக்கின்றன.

1635இல் அந்தோனியோ பொக்காரோ தொகுத்த கோட்டை நூலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீழைக்கடலில் போர்த்துக்கீசியர் வைத்திருந்த கோட்டைகளையும் ஊர்களையும் ஒவ்வொன்றாக வண்ணப் படத்தோடும் விவரத்தோடும் தரும் கையெழுத்துச் சுவடி அது. அதில் மஸ்கட் இருக்கிறது. அதே நூலில் நாகப்பட்டினமும் மயிலாப்பூர் சாந்தோமும் இருக்கின்றன. மதில் எங்கே, மாதா கோவில் எங்கே என்று ஒரே கையால் வரைந்து காட்டிய அந்தப் பக்கங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஒரே அதிகாரம் இரு கரைகளையும் எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்பது பத்துப் பக்க விளக்கத்தைவிடத் தெளிவாகப் புரிகிறது.

பழைய நூல் இன்றைய உலகில் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஓமனிலேயே பதில் இருக்கிறது. வாஸ்கோ டகாமாவின் உறவினரான விசென்தே சொத்ரே 1503இல் தம் கப்பல்களோடு குரியா முரியா தீவுகளில் ஒதுங்கியதையும், அங்குள்ள மீனவர்கள் காற்று திரும்பப் போகிறது என்று எச்சரித்தும் கேளாமல் புயலில் அழிந்ததையும் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த வரிகளை வழிகாட்டியாகக் கொண்டு தேடியவர்கள் 1998இல் அல் ஹல்லானியா தீவருகே சிதைவுகளைக் கண்டார்கள். ஓமன் அரசின் பண்பாட்டு அமைச்சகத்தோடு சேர்ந்து 2013 முதல் அகழ்வு நடந்து, 2016 மார்ச்சில் முடிவு அறிவிக்கப்பட்டது. கப்பல் மணி ஒன்று, மிக அரிய போர்த்துக்கீசிய வெள்ளிக்காசு ஒன்று, கடலோடிகள் பயன்படுத்திய வட்ட வடிவக் கருவி ஒன்று அங்கே கிடைத்தன. மணியில் எஞ்சியிருந்த எண்களைக் கொண்டு அது 1498இல் வார்க்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து கடலடியில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டியது.

ஆங்கிலேயர் எழுதியவை

வளைகுடாவில் பிரிட்டிஷ் ஆதிக்கம் லண்டனிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அது பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்தது. மஸ்கட் சுல்தானோடு கிழக்கிந்தியக் கம்பெனி 1798இல் உடன்படிக்கை செய்தது. பாரசீகக் கரையில் புஷையரில் இருந்த ரெசிடெண்டும் அவருக்குக் கீழ் மஸ்கட்டில் இருந்த ஏஜென்ட்டும் இந்திய அரசுக்கே அறிக்கை அனுப்பினார்கள். 1864இல் மஸ்கட்டில் திறந்த தபால் நிலையம் இந்தியத் தபால்துறையின் பொறுப்பில் இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று 1959இல் தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. ஓமனில் அது 1970 வரை செல்லுபடியானது. ஆகவே இந்தக் கரையின் ஆவணங்கள் பெருமளவில் இந்திய நிர்வாகத்தின் ஆவணங்கள். 1947க்குப் பின் அவற்றில் ஒரு பகுதி லண்டனுக்குப் போயிற்று, ஒரு பகுதி டெல்லியிலும் மும்பையிலும் தங்கிற்று.

அச்சான நூல்களில் சிலவற்றைத் திரட்டுவோர் எப்போதும் தேடுவார்கள். டேனிஷ் அரசு அனுப்பிய ஆய்வுக் குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே ஆளான கார்ஸ்டன் நீபூர் 1765இல் மஸ்கட்டைப் பார்த்தார். அவருடைய அரேபிய விவரண நூல் 1772இல் கோபன்ஹேகனில் வெளிவந்தது. 1819இல் லண்டனில் அச்சான, சுல்தான் சயீத் பற்றிய நூலை எழுதியவர் வின்சென்சோ மௌரிசி என்ற இத்தாலியர். இந்தியக் கடற்படையின் வெல்ஸ்டெட் ஓமனின் உட்பகுதிகளில் பயணம் செய்து எழுதிய இரு தொகுதிகள் 1838இல் வந்தன. 1930-31இல் பெரும் பாலைவனமான ரப் அல் காலியைக் கடந்த பெர்ட்ராம் தாமஸ், மஸ்கட் சுல்தானிடம் அமைச்சராக இருந்தவர். அவர் நூல் 1932இல் வந்தது.

இந்த வரிசையில் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி லோரிமர் வளைகுடா பற்றித் தொகுத்த கெஸட்டியர் தனி ரகம். கர்சன் பிரபு காலத்தில், அதிகாரிகள் கையோடு வைத்துக்கொள்ள ஒரு கையேடு வேண்டும் என்று தொடங்கிய வேலை, ஐயாயிரம் பக்க அளவுக்கு வளர்ந்தது. ஊர், கிணறு, பேரீச்சந்தோட்டம், குலம், படகு என்று அனைத்தையும் பதிவு செய்யும் புவியியல் பகுதி 1908இல் கல்கத்தாவில் அரசு அச்சகத்தில் அச்சானது. வரலாற்றுப் பகுதி 1915இல் வந்தபோது லோரிமர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு புஷையரில் துப்பாக்கி வெடித்து இறந்திருந்தார். அதிகாரிகளின் பார்வைக்கு மட்டும் என்ற முத்திரையோடு சில பிரதிகளே அச்சானதால், யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த மக்கள் அரை நூற்றாண்டுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. 1970இல் மறு அச்சு வந்த பிறகே அது வெளியுலகத்துக்குக் கிடைத்தது. இன்று ரூவி, மத்ரா பற்றி நூறாண்டுக்கு முந்தைய விவரம் தேடுவோர் முதலில் புரட்டுவது இந்நூலைத்தான்.

ஒரு கையேடு எவ்வளவு விரிவாக இருந்தாலும் அதைக் கேட்டவரின் தேவைக்காக எழுதப்பட்டது. எந்தக் குலம் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறது என்று லோரிமர் கணக்கெடுத்ததற்குக் காரணம் ஆதிக்கம். அந்தக் கணக்கை அப்படியே உண்மை என்று ஏற்பதும் தவறு, ஆதிக்கத்தின் எழுத்து என்று தூக்கி எறிவதும் தவறு. மண்ணின் மக்கள் எழுதியதோடு வைத்து ஒப்பிட்டுப் படிக்கும்போதுதான் அது ஆவணமாகிறது.

மண்ணின் மக்கள் எழுதியவை

அரபுக் கடலோடிகளில் புகழ்பெற்றவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல் கைமா அருகே இருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய கடல்வழி நூல், விண்மீன் உயரம், காற்றுப் பருவம், துறைமுக வழி எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்கிறது. அதன் முக்கியப் பிரதிகள் பாரிஸில் உள்ள பிரெஞ்சுத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இப்னு மாஜித்தின் வேறு சில கடல்வழிப் பாடல்கள் அன்றைய லெனின்கிராடில் கிடைத்து 1957இல் வெளியிடப்பட்டன.

வாஸ்கோ டகாமாவை 1498இல் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு அழைத்து வந்தவர் இப்னு மாஜித்தான் என்று நீண்ட காலம் எழுதப்பட்டு வந்தது. பள்ளிப் புத்தகங்களிலும் அது இடம்பிடித்தது. மூல ஏடுகளைத் திறந்து பார்த்தபோது அந்தக் கதை நிற்கவில்லை. போர்ட்டோ நகர நூலகத்தில் உள்ள, அந்தப் பயணத்தில் உடன் வந்தவர் எழுதிய நாட்குறிப்பில் இப்னு மாஜித்தின் பெயர் இல்லை. போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் வழிகாட்டியைக் குஜராத்தி என்கிறார். ஷார்ஜா ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் முஹம்மது அல் காசிமி இதை ஆராய்ந்து, இப்னு மாஜித் குற்றமற்றவர் என்று தனி நூலே எழுதினார். இந்தியப் பெருங்கடலை அந்நியருக்குத் திறந்துவிட்டவர் என்ற பழியை ஒரு மனிதர் மேலிருந்து நீக்க, ஒரு நாட்குறிப்பின் சில பக்கங்கள் போதுமானவையாக இருந்தன.

ஓமனின் கடலோடிகள் தமக்கென்று வழிகாட்டிச் சுவடி எழுதி வைக்கும் வழக்கம் அண்மைக் காலம் வரை இருந்தது. நாசர் பின் அலி அல் குதூரி எழுதிய அத்தகைய சுவடி ஒன்று 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. ஆட்சியாளர் பரிசளித்த சுவடிகளும் உண்டு. ஹுமைத் இப்னு ருஸைக் எழுதிய ஓமன் வரலாற்றின் பிரதியை 1860இல் மஸ்கட்டில் சையித் துவைனி, ஜார்ஜ் பெர்சி பாட்ஜர் என்ற ஆங்கிலப் பாதிரியாருக்குக் கொடுத்தார். பாட்ஜர் அதை மொழிபெயர்த்து 1871இல் ஹக்லூயித் சங்கத்தின் வழியே வெளியிட்டார். சுவடி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ந்தது. வெளியே போன ஏடெல்லாம் களவு போனது என்று சொல்வது சரியாகாது. பரிசாகப் போனது, விற்கப்பட்டது, அலுவலகத்தோடு மாற்றலாகிப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு.

இப்னு ருஸைக் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றைச் சற்று அருகில் பார்க்கலாம். 1650இல் இமாம் சுல்தான் பின் சைஃபின் படை மஸ்கட்டைப் பிடித்தது எப்படி என்று அவர் கூறுகிறார். கோட்டைத் தளபதி பெரெய்ரா, ஊரில் செல்வாக்குள்ள வணிகரான நரோத்தம் என்ற இந்துவின் மகளை மணக்க விரும்பினான். தந்தை மறுத்தார். வற்புறுத்தல் மிரட்டலாக மாறியபோது, திருமண ஏற்பாட்டுக்கு அவகாசம் கேட்டார். அந்த இடைவெளியில், கோட்டைத் தொட்டிகளின் தண்ணீர் கெட்டுவிட்டது, கோதுமை பழசாகிவிட்டது, வெடிமருந்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று தளபதியை நம்பவைத்து மூன்றையும் வெளியேற்றினார். பிறகு இமாமின் ஆட்களுக்குச் செய்தி அனுப்பினார். கோட்டை விழுந்தது. நரோத்தமின் குடும்பத்துக்குத் தலைவரி நீக்கப்பட்டது.

இதை எழுதியவர் நிகழ்ச்சிக்கு இரு நூற்றாண்டு பிந்தியவர். கதையில் ஊர்வழக்கு எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று முடிவு செய்ய, முற்றுகைக் காலத்தில் கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் போன போர்த்துக்கீசியக் கடிதங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், மஸ்கட்டின் விடுதலையைச் சொல்லும் ஓமனி வரலாறு ஓர் இந்திய வணிகரின் பெயரை நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறது என்பதே ஒரு வரலாற்று உண்மை. இந்தக் கேள்வியை எழுப்ப அரபிச் சுவடி வேண்டும், விடை தேட போர்த்துக்கீசிய ஏடு வேண்டும். ஒன்றை மட்டும் அலமாரியில் வைத்திருப்பவர் பாதி வழக்கைத்தான் கேட்கிறார்.

திரும்பத் திரட்டியவர்கள்

இந்தச் சிதறலுக்கு வளைகுடா நாடுகள் கண்ட வழிகள் மூன்று. முதல் வழி தனிமனிதர் திரட்டல். ஷேக் சுல்தான் அல் காசிமி இதற்கு முன்னோடி. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அவருடைய குலத்தாரான காசிமிகளைக் கடற்கொள்ளையர் என்று சொல்லி, பிரிட்டிஷ் படை 1809இலும் 1819இலும் ராஸ் அல் கைமாவைத் தாக்கியது; 1820இல் உடன்படிக்கை திணிக்கப்பட்டது. அந்தப் பட்டத்தை மறுத்து அவர் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1986இல் நூலாக்கினார். அவருக்குத் துணை நின்றவை பம்பாய் அரசின் ஆவணங்கள். குற்றம் சாட்டியவர்களின் கோப்புகளிலிருந்தே மறுப்பை எடுத்தார். 1997இல் சார்ல்ஸ் டேவிஸ் அதே காலத்தை மறுபடி ஆராய்ந்து வேறு முடிவுகளையும் வைத்தார். விவாதம் முடியவில்லை, ஆனால் இப்போது இரு தரப்பும் ஆவணத்தை வைத்துப் பேசுகின்றன. ஷேக் சுல்தான் சேகரித்த வளைகுடாவின் பழைய வரைபடங்களும் நூலாக வெளிவந்துள்ளன. 2011 டிசம்பரில் கெய்ரோவின் எகிப்து ஆய்வு நிலையம் தீக்கிரையானபோது, தம் சொந்தத் திரட்டிலிருந்து அரிய நூல்களைத் தர முன்வந்தவரும் அவரே.

இரண்டாவது வழி படியெடுத்தல். கத்தார் தேசிய நூலகமும் கத்தார் அறக்கட்டளையும் லண்டனின் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து 2014இல் கத்தார் மின்னூலகத்தைத் திறந்தன. புஷையர் ரெசிடென்சி, மஸ்கட் ஏஜென்சி உள்ளிட்ட இந்திய அலுவலகக் கோப்புகள், வரைபடங்கள், அரபு அறிவியல் சுவடிகள், லோரிமரின் கெஸட்டியர் என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அதில் ஏறியுள்ளன. கட்டணம் இல்லை, அனுமதிக் கடிதம் வேண்டாம். துபாயின் ஜுமா அல் மாஜித் மையம் பல நாடுகளின் சுவடிகளைப் பழுதுபார்த்துப் படியெடுத்து வைத்திருக்கிறது. மூலம் எங்கே இருந்தாலும் வாசிப்பு இங்கே நடக்கலாம் என்பதே இவ்வழியின் கொள்கை.

மூன்றாவது வழி, வீடுகளில் இருப்பதை வீட்டுக்காரரோடு சேர்ந்து காப்பது. ஓமன் இதில் அக்கறை காட்டிய நாடு. சுவடிகளைக் காக்க 1977இலேயே தனிச் சட்டம் வந்தது. 2007இல் தேசியப் பதிவுகள், ஆவணக் காப்பக ஆணையம் அமைந்தது. அரசுக் கோப்புகளோடு, குடும்பங்களிடம் இருக்கும் கடிதம், பத்திரம், கணக்கேடு போன்றவற்றையும் அது பதிவு செய்கிறது. நிஸ்வா, அல் ஹம்ரா போன்ற உள்நாட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சுவடி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. ஃபலஜ் என்னும் வாய்க்காலின் நீர்ப்பங்கீடு, நிலத் தகராறு, வக்ஃப் சொத்து பற்றிய ஒரு துண்டுக் காகிதம் கோட்டைப் போரைவிட அதிகமாக அன்றைய வாழ்க்கையைச் சொல்லிவிடும்.

எது பலன் தந்தது?

மூன்றையும் எடைபோட்டால், பணம் கொடுத்து முதற்பதிப்புகளை வாங்கிக் குவிப்பது மிகக் குறைந்த பலன் தருவது. வாங்கிய நூல் பூட்டிய அறையில் இருந்தால், லண்டனில் இருந்ததற்கும் இங்கே இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை. ஷேக் சுல்தானின் திரட்டு பயன் தந்ததற்குக் காரணம் அவர் அதைப் படித்தார், எழுதினார், அச்சிட்டார் என்பது. படியெடுத்தல் மிகப் பெரிய பலன் தந்திருக்கிறது. முன்பு லண்டனில் அறை எடுத்துத் தங்கக்கூடியவர் மட்டும் பார்த்த கோப்பை இன்று ஓமனின் சூரில் உள்ள ஆசிரியரும் காயல்பட்டினத்து மாணவரும் கைபேசியில் பார்க்கிறார்கள்.

படியெடுத்தலுக்கும் ஒரு குறை உண்டு. எது மின்மயமாகிறதோ அதுவே வரலாறு ஆகிவிடும் அபாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் கோப்புகள் எளிதில் கிடைப்பதால் ஆய்வுகள் அவற்றின் மேலேயே குவிகின்றன. கோவாவின் போர்த்துக்கீசியக் கடிதங்களும் மும்பையின் ஆவணங்களும் ஓமனி வீட்டுச் சுவடிகளும் அதே அளவு திறக்கப்படும் வரை, வளைகுடா வரலாறு ஏஜென்ட்டின் மேசையிலிருந்து பார்த்த காட்சியாகவே நீடிக்கும்.

சந்தையின் கேடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய பயண நூல்களில் மடித்து வைத்த வரைபடங்களும் செதுக்கோவியங்களும் இருக்கும். நூலை முழுதாக விற்பதைவிட அவற்றை உருவிச் சட்டம் போட்டுத் தனித்தனியே விற்றால் லாபம் அதிகம். அதனால் நூல்கள் சிதைக்கப்படுகின்றன. 2005இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் வரைபடங்களை வெட்டி எடுத்த வணிகர் ஒருவர் பிடிபட்டார். பல நூலகங்களில் அவர் கைவரிசை காட்டியிருந்தது பிறகு தெரிந்தது. வரவேற்பறையில் மாட்ட அழகாக இருக்கிறதென்று தனித்தாள் வரைபடம் வாங்குபவர், அது எந்த நூலிலிருந்து எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். விற்பவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் வாங்காமல் விடுவதே நல்லது.

ரூவி வாசகர் என்ன செய்யலாம்?

முதற்பதிப்புகளின் விலை சம்பளக்காரரின் கைக்கு எட்டாது. எட்டவும் வேண்டியதில்லை. ஹக்லூயித் சங்க நூல்களையும் பிற பயண நூல்களையும் டெல்லியின் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் பல ஆண்டுகளாக மறு அச்சிட்டு வந்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது சென்னையில் தேடிப் பார்க்கலாம். மஸ்கட்டில் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் ஓமன் வரலாற்று வெளியீடுகள் நியாயமான விலையில் கிடைக்கின்றன. பர்போசா, பாட்ஜரின் இப்னு ருஸைக், லோரிமரில் ஓமன் பற்றிய பகுதி ஆகிய மூன்றிலிருந்து தொடங்கினால், மூன்று வேறு கண்களால் ஒரே ஊரைப் பார்க்கலாம்.

வாங்கியதைக் காப்பதில் இந்த ஊரின் காற்று பெரிய எதிரி. கோடையில் கடல் ஈரம் ஏறும்; ஏசியை அணைத்து அணைத்துப் போட்டால் காகிதம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அலமாரியை வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கொல்லும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுவடியும் ஆவணமும் தொல்பொருள். தனியார் அவற்றை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. தாத்தா வீட்டு ஓலைச்சுவடியை மஸ்கட் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் போடாதீர்கள். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஒப்படைத்தால் அது பலருக்குப் பயன்படும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வீட்டில் சேர்த்த தமிழ் நூல்கள் 1994இல் சென்னைக்கு வந்து இன்று தமிழ் ஆய்வுக்கே ஆதாரமாக நிற்கின்றன. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அவர் குடும்பத்தாரிடம் இருந்ததால்தான் 1846இல் கண்டெடுக்க முடிந்தது. பிரெஞ்சு ஆட்சியைத் தமிழில் பதிவு செய்த அந்தக் குரல் காணாமல் போயிருந்தால், புதுச்சேரிக்கு ஆளுநர்களின் கடிதங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அதே நிலைமை வளைகுடாத் தமிழருக்கு வரக்கூடாது. ஐம்பது ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறோம். கம்பெனிகளின் கோப்புகள் கம்பெனிகளிடமும், விசாப் பதிவுகள் அரசுகளிடமும் இருக்கும். எழுபதுகளில் வந்தவர்களின் வேலை ஒப்பந்தம், ஊருக்கு எழுதிய நீலநிற ஏர்மெயில் கடிதம், பேசி அனுப்பிய கேசட், முதல் பத்தாகா (குடியிருப்பு அட்டை), சம்பளச் சீட்டு, தமிழ்ச்சங்க விழா மலர் ஆகியவை நம் வீட்டுப் பரண்களில் மட்டுமே இருக்கின்றன. அடுத்த ஆய்வாளர் வளைகுடாவில் தமிழர் வாழ்ந்ததை எழுத வரும்போது, நம்மை வேலைக்கு வைத்தவர்களின் கணக்கை மட்டும் படிக்கும்படி விட்டுவிடக் கூடாது.

போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் இந்தக் கரையைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்ததற்குக் காரணம், எழுதி வைப்பது அதிகாரத்தின் பகுதி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வளைகுடா நாடுகள் அதைப் புரிந்துகொண்டு தங்கள் ஏடுகளைத் தேடிப் போயின. நாமும் செய்ய வேண்டியது இதுதான்: ஊருக்குப் போகும்போது பரணில் இருக்கும் கடிதக் கட்டை இறக்குங்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். தெளிவாகப் படமெடுத்து, குடும்பத்தார் சம்மதத்தோடு ஒரு பிரதியை நூலகம் ஒன்றுக்கோ தமிழ்ச்சங்கத்துக்கோ கொடுங்கள். அப்பாவும் சித்தப்பாவும் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். கையெழுத்தை அடையாளம் சொல்ல அவர்களால்தான் முடியும்.